முகம் மறைக்காத கிருமி

முன்கையின் உட்புறத்தில், தோலின் மேலடுக்குக்குள், மெல்லிய ஊசியால் சொட்டு மருந்தை ஏற்றுகிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வந்து காட்டச் சொல்கிறார்கள். அந்த இடம் தடித்திருந்தால் அளவுகோல் வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்கிறார்கள். மான்டூ பரிசோதனை என்ற பெயரில் தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்குப் பழக்கமான காரியம் இது. ஏற்றப்படுவது காசநோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதம் மட்டுமே. உயிருள்ள கிருமி அதில் கிடையாது. அப்படியிருந்தும் தோல் தடிக்கிறது என்றால், அந்தப் புரதத்தை முன்பே சந்தித்த டி செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள் உடலுக்குள் உலவுகின்றன, அவை அதைக் கண்டுகொண்டு அங்கே கூடிவிட்டன என்று பொருள்.

இந்தத் தடிப்பைப் பார்த்து மகிழ்வதா, அஞ்சுவதா? காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்த ராபர்ட் கோக், 1890இல் அதன் சாற்றை மருந்தாகவே அறிவித்தார். ஐரோப்பா முழுவதிலுமிருந்து நோயாளிகள் பெர்லினுக்குப் படையெடுத்தார்கள். சாறு ஏற்றப்பட்டவர்களுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. நோயிருந்த இடங்கள் மேலும் புண்ணாகின. சிலர் இறந்தே போனார்கள். அவர்களுடைய உடல் கிருமியை அடையாளம் காணாமல் போனதால் வந்த வினையல்ல இது. மிகத் தீவிரமாக அடையாளம் கண்டதால் வந்தது.

நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பள்ளிப் பாடத்திலும் பத்திரிகைகளிலும் ஒரு ராணுவமாகவே காட்டிவருகிறோம். பகைவனை அடையாளம் காண்பதுதான் கடினம், கண்டுவிட்டால் வெற்றி உறுதி என்பது அந்தச் சித்திரத்தின் உள்பொருள். அம்மை, தொண்டை அடைப்பான், இளம்பிள்ளை வாதம் போன்ற நோய்களுக்கு இது ஏறத்தாழப் பொருந்தும். காசநோய்க்குப் பொருந்தாது. கண்டுகொள்வதும் வெல்வதும் இரு வேறு வேலைகள் என்பதை மற்ற எந்தக் கிருமியைக் காட்டிலும் தெளிவாகக் காட்டுவது இதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன், உடல் எப்படி அடையாளம் காண்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தாக வேண்டும்.

பேரிங்கும் ஜப்பானியரான கிடாசாட்டோவும் 1890இல் ஒன்றைக் காட்டினார்கள். டெட்டனஸ் நச்சுக்குப் பழக்கப்படுத்திய விலங்கின் ரத்த நீரை வேறொரு விலங்குக்கு ஏற்றினால், அந்த விலங்கும் நச்சிலிருந்து தப்பித்தது. ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் நச்சைத் தேடிப் பிடித்து முடக்குகிறது. அதையே இன்று எதிர்ப்பொருள் என்கிறோம். ஒவ்வொரு நச்சுக்கும் தனித்தனி எதிர்ப்பொருள் உருவாவது வியப்பாக இருந்தது. ரத்த வகைகளைக் கண்டுபிடித்த லேண்ட்ஸ்டைனர் அந்த வியப்பைத் திகைப்பாக்கினார். வேதியியல் கூடத்தில் மனிதர் புதிதாகச் செய்த, இயற்கையில் எங்கும் இல்லாத சேர்மங்களைப் புரதத்தோடு ஒட்டி விலங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தார். அவற்றுக்கும் துல்லியமான எதிர்ப்பொருள்கள் தோன்றின. உலகத்தில் இதுவரை இருந்திராத ஒன்றுக்கு உடல் எப்படித் தயாராக இருக்க முடியும்?

வேதியியல் மேதை லைனஸ் பாலிங் 1940இல் சொன்ன விடை, அளவெடுத்துத் தைக்கும் தையற்காரரைப் போன்றது: கிருமியின் பொருள் உள்ளே வந்ததும், எதிர்ப்பொருள் புரதம் அதன் மேல் படிந்து அதன் வடிவத்துக்கேற்ப மடிந்துகொள்கிறது. கேட்கவே பொருத்தமாக இருந்த இந்த விளக்கம் தவறு. நெல்ஸ் யெர்ன 1955இலும் ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட் 1957இலும் இதைத் தலைகீழாக்கினார்கள். உடல் ஆயத்த ஆடைக் கடை. கோடிக்கணக்கான அளவுகளில் முன்னதாகவே தைத்துத் தொங்கவிட்டிருக்கிறது. வருகிறவருக்கு எது பொருந்துகிறதோ அதை மட்டும் மேலும் மேலும் தைக்கிறது. பர்னெட்டின் கணக்குப்படி, எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல் (இன்று பி செல் என்கிறோம்) ஒவ்வொன்றும் ஒரே வகையைத்தான் செய்யும். கிருமி வந்து பொருந்தும் செல்லைத் தூண்டுகிறது. அந்தச் செல் பல்கிப் பெருகுகிறது. மறு ஆண்டே நொஸ்ஸலும் லெடர்பர்க்கும் இதைச் சோதித்தார்கள். இரு வகைப் பாக்டீரியாக்களைச் சந்தித்த எலியிலிருந்து செல்களைத் தனித்தனி நுண்துளிகளில் பிரித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை மட்டுமே முடக்கியது.

சரி, அத்தனை கோடி வகைகளுக்கு மரபணு எங்கே இருக்கிறது? மனிதருக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் மொத்தமே ஏறத்தாழ 20,000தான். பாசல் நகரில் பணியாற்றிய சுசுமு டோனகாவா 1976இல் விடை கண்டார். எலிக் கருவின் டிஎன்ஏவில் எதிர்ப்பொருளுக்குரிய துண்டுகள் தள்ளித் தள்ளிக் கிடந்தன. எதிர்ப்பொருள் செய்யும் செல்லில் அவை நெருங்கி ஒட்டியிருந்தன. செல் தன் டிஎன்ஏவையே வெட்டி ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். எதிர்ப்பொருளின் பெரிய சங்கிலிக்கு மட்டும் முதல் வகைத் துண்டு ஏறத்தாழ 40, இரண்டாம் வகை 20க்கு மேல், மூன்றாம் வகை 6. இவற்றில் ஒவ்வொன்றை எடுத்து ஒட்டுகிறது. ஒட்டும் இடத்தில் சில எழுத்துகளைத் தாறுமாறாகச் சேர்க்கவும் நீக்கவும் செய்கிறது. சிறிய சங்கிலியும் இதே போல். கிடைக்கும் வகைகளுக்குக் கணக்கே இல்லை. டி செல்கள் அடையாளம் காணப் பயன்படுத்தும் ஏற்பிகளும் இப்படியே உருவாகின்றன. டோனகாவாவுக்கு 1987இல் நோபல் கிடைத்தது. உடலின் எல்லாச் செல்களிலும் டிஎன்ஏ ஒன்றே என்று அதுவரை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர்கள் ஒரு விதிவிலக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

தாறுமாறாகச் செய்தால் சொந்த உடலையே பிடிக்கும் ஏற்பிகளும் வரத்தானே செய்யும்? வருகின்றன. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியைப் பயனற்ற எச்சம் என்று கருதிவந்தார்கள். 1961இல் ஜாக் மில்லர் பிறந்த உடனேயே எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவற்றின் எதிர்ப்பாற்றல் குலைந்துபோனது. டி செல்கள் அங்கேதான் தேறுகின்றன. உடலின் சொந்தப் புரதங்களை இறுகப் பிடிப்பவையும், எதற்கும் உதவாதவையும் அங்கேயே மடிகின்றன. உள்ளே நுழைபவற்றில் பெரும்பாலானவை வெளியே வருவதில்லை.

எதிர்ப்பொருள் கிருமியை முழுதாக, வெளியே மிதக்கும்போதே பிடிக்கும். டி செல் அப்படியல்ல. கான்பெராவில் ஸிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் (பின்னவர் கால்நடை மருத்துவம் படித்தவர்) 1974இல் வெளியிட்ட சோதனையில், வைரஸ் தொற்றிய எலியின் கொல்லும் டி செல்கள் அதே வைரஸ் தொற்றிய வேறொரு இன எலியின் செல்களைத் தொடவேயில்லை. தன் இனத்துச் செல்களை மட்டுமே கொன்றன. டி செல் பார்ப்பது வைரஸை அல்ல. நம் செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களை நறுக்கி, அந்தத் துணுக்குகளை எச்எல்ஏ என்னும் தாங்கிப் புரதத்தில் பொருத்தி மேற்பரப்பில் காட்டியபடி இருக்கின்றன. தாங்கியும் துணுக்கும் சேர்ந்த அந்தக் காட்சியைத்தான் டி செல் பார்க்கிறது. செல்லுக்குள் ஒளிந்திருப்பதை வெளியிலிருந்தே தெரிந்துகொள்ள இதைவிட நேர்த்தியான வழி இருக்க முடியாது. எதிர்ப்பொருள் எட்டாத இடத்தில், செல்லுக்குள்ளேயே குடியிருக்கும் காசநோய்க் கிருமியைப் பொறுத்தவரை எல்லாமே இந்த வழியைத்தான் நம்பியிருக்கிறது.

இன்னும் ஒரு கேள்வி மீதியிருந்தது. தூய்மையாக்கிய புரதத்தைத் தனியே ஏற்றினால் எதிர்ப்பு பெரும்பாலும் கிளம்புவதில்லை. அதை எண்ணெயில் குழப்பி, கொன்ற காசநோய்க் கிருமியைச் சேர்த்து ஏற்றினால் பலமாகக் கிளம்புகிறது. ஃபிராய்ண்டின் துணைமருந்து என்ற பெயரில் ஆய்வுக்கூடங்கள் பல பத்தாண்டுகளாக இதைப் பயன்படுத்தின. ஏன் வேலை செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜேன்வே 1989இல் இதைத் தங்கள் துறையின் அழுக்கான ரகசியம் என்று கேலி செய்துவிட்டு, ஒரு ஊகத்தை வைத்தார்: அந்நியமானது என்பது மட்டும் போதாது, இது நுண்ணுயிரி என்ற தனிச் சமிக்ஞையும் வேண்டும், அதைப் படிக்கப் பரம்பரையாக வரும் மாறாத ஏற்பிகள் விழுங்கு செல்களில் இருக்க வேண்டும்.

இருந்தன. 1996இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஹாஃப்மன் குழுவினர், டோல் என்ற மரபணு பழுதான பழ ஈக்கள் பூஞ்சைக்கு இரையாவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஜேன்வேயும் மெஜிடோவும் மனிதரில் அதன் உறவுப் புரதத்தைக் கண்டறிந்தார்கள். 1998இல் பாய்ட்லர் குழு, பாக்டீரியாவின் வெளிச்சுவர்க் கொழுப்பை உணர்வது இந்தக் குடும்பத்து ஏற்பி ஒன்றுதான் என்று நிறுவியது. 2011இன் நோபல் பரிசு பாய்ட்லர், ஹாஃப்மன், கிளைத்த செல்களைக் கண்டுபிடித்த ஸ்டைன்மன் ஆகியோருக்குப் போனது. ஜேன்வே 2003இலேயே காலமாகிவிட்டார். மெஜிடோவின் பெயர் விடுபட்டதைத் துறையினர் பலர் இன்னும் குறையாகவே சொல்கிறார்கள். அது நியாயமான குறை.

ஆக, இரண்டு அடுக்கு. கிருமிக் குலங்களின் பொது அடையாளத்தைப் படிக்கும் பழைய ஏற்பிகள் முதலில். ஒவ்வொரு கிருமியின் தனி அடையாளத்தையும் பிடிக்கும் டி, பி செல்கள் அடுத்து. காசநோய்க் கிருமி இரண்டுக்குமே தப்புவதில்லை. ஆய்வுக்கூடத்தில் எதிர்ப்பைக் கிளப்பவே அதைச் சேர்த்தார்கள் என்னும்போது, அது எவ்வளவு எளிதில் கண்ணில் படுகிற கிருமி என்பது விளங்கும்.

நோயாளி இருமும்போது வரும் நுண்துளி, மூச்சோடு போய் நுரையீரலின் காற்றுப்பையில் இறங்குகிறது. அங்கே காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் பெரிய விழுங்கு செல், கிருமியைக் கண்டதும் விழுங்கிவிடுகிறது. மற்ற பாக்டீரியா என்றால், விழுங்கிய பை அமிலமும் நொதிகளும் நிறைந்த பையோடு இணையும், கதை முடிந்துவிடும். காசநோய்க் கிருமி அந்த இணைப்பைத் தடுக்கிறது என்று 1971இல் ஆம்ஸ்ட்ராங்கும் டார்சி ஹார்ட்டும் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள். விழுங்கிய செல்லே வீடாகிப்போகிறது.

அடுத்த அடுக்குக்குச் செய்தி போவதிலும் தாமதம். கிருமியின் துணுக்கை யாராவது நிணநீர் முடிச்சுக்கு எடுத்துப்போய்க் காட்டினால்தான் பொருந்தும் டி செல்கள் பெருகத் தொடங்கும். எலிகளில் ஃப்ளூ வைரஸுக்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் நடந்துவிடுவது, காசநோய்க் கிருமிக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கிறது. மனிதரில் தொற்றுக்குப் பின் மான்டூ தடிப்பு தோன்ற இரண்டு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் கிருமி தன் குடித்தனத்தை நிலைநிறுத்திவிடுகிறது.

கடைசியில் டி செல்கள் வந்து சேர்கின்றன. அவை வீணாக வருவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவை சுரக்கும் காமா இன்டர்ஃபெரான், விழுங்கு செல்லை உசுப்பி, கிருமியைக் கட்டுக்குள் வைக்கிறது. இதை உணரும் ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் பிசிஜி தடுப்பூசிக்கும், மண்ணிலும் நீரிலும் வாழும் சாதுவான உறவுக் கிருமிகளுக்கும்கூடப் பலியாவதை 1996இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. எச்ஐவி தொற்றி சிடி4 என்ற வகை டி செல்கள் குறைந்தவர்களுக்குக் காசநோய் மூண்டெழுவதை நம் மருத்துவமனைகள் அன்றாடம் பார்க்கின்றன. மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃப் என்ற சமிக்ஞையை அடக்கும் புது மருந்து சந்தைக்கு வந்த சில ஆண்டுகளில், அதை எடுத்துக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001இல் தொகுத்து வெளியிட்டார்கள். எதிர்ப்பு இல்லாவிட்டால் பேரழிவு. உலக மக்களில் கால்வாசிப் பேருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வருகிறது. மீதிப் பேரைக் காப்பது இந்த டி செல்கள்தான்.

பின் ஏன் வெல்ல முடியவில்லை? இங்கேதான் விஷயம் முறுக்கிக்கொள்கிறது.

விழுங்கு செல்களும் டி செல்களும் கிருமியைச் சுற்றிக் கட்டும் முடிச்சுக்குக் கிரானுலோமா என்று பெயர். கிருமியைச் சிறைவைக்கும் சுவர் என்று பாடநூல்கள் வெகுகாலம் எழுதிவந்தன. பரோடா மருத்துவக் கல்லூரியில் படித்து இன்று கேம்பிரிட்ஜில் இருக்கும் லலிதா ராமகிருஷ்ணன், வரிக்குதிரை மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுகளில், காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவுக் கிருமியைப் புகுத்தி, உயிரோடு இருக்கும்போதே நடப்பதைப் பார்த்தார். அவரும் டேவிஸும் 2009இல் எழுதியது இது: முடிச்சில் இறக்கும் விழுங்கு செல்லை விழுங்கப் புது விழுங்கு செல்கள் ஓடி வருகின்றன, அவற்றுக்கும் தொற்றுகிறது, அவற்றில் சில அங்கிருந்து கிளம்பிப் போய் வேறிடத்தில் புது முடிச்சுக்கு வித்திடுகின்றன. தொடக்கக் கட்டத்திலாவது, சிறை என்று நினைத்தது கிருமி பெருகும் இடமாக இருக்கிறது.

அதற்கடுத்த ஆண்டு வெளிவந்த மரபணு ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஃப்ளூ, எச்ஐவி போன்ற வைரஸ்கள், நம் எதிர்ப்பு மண்டலம் எந்தப் பகுதியைப் பிடிக்கிறதோ அந்தப் பகுதியைத்தான் ஓயாமல் மாற்றிக்கொள்கின்றன. காசநோய்க் கிருமியும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து, கோமாஸ், கான்யூ ஆகியோரின் குழு உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 21 கிருமி வகைகளின் மரபணுத் தொகுதியைப் படித்தது. கிடைத்தது நேர் எதிர். மனித டி செல்கள் பிடிக்கும் துணுக்குகளுக்குரிய பகுதிகள்தான் மற்ற எதையும்விட மாறாமல் இருந்தன. பின்னாளில் சில விதிவிலக்குகள் கிடைத்தாலும் பொதுப்போக்கு அதுவே. அடையாளம் காணப்படுவதால் கிருமிக்கு நட்டம் என்றால், பரிணாமம் அந்தப் பகுதிகளை விட்டுவைத்திருக்காது. காணப்படுவதால் அதற்கு லாபம் இருக்க வேண்டும்.

என்ன லாபம்? ஒரு கிருமி தழைக்க, அடுத்தவரிடம் போய்ச் சேர வேண்டும். காசநோயில் அதற்கு வழி திறப்பது நுரையீரலில் விழும் குழி. திசு அழுகிக் கரைந்து, மூச்சுக்குழலோடு இணைந்து, காற்றோட்டமான பொந்தாகிறது. அங்கே கிருமி ஏராளமாகப் பெருகி ஒவ்வொரு இருமலோடும் வெளியேறுகிறது. அந்தத் திசுவைக் கரைப்பது பெரும்பாலும் நம் சொந்தச் செல்கள் விடும் நொதிகள். எச்ஐவியால் சிடி4 செல்கள் மிகவும் குறைந்துபோன நோயாளிகளுக்குக் காசநோய் உடலெங்கும் பரவும், ஆனால் நுரையீரலில் குழி விழுவது குறைவு. எதிர்ப்பு வலுவாக உள்ளவரே கிருமிக்கு நல்ல வாகனம். கிருமி தன்னைக் காட்டிக்கொண்டு நம் எதிர்ப்பை வேலை வாங்குகிறது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்ததில் ஆச்சரியமில்லை. அது முழுமையாக நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைவிடப் பொருத்தமான விளக்கம் கண்ணில் படவில்லை.

இந்த வெளிச்சத்தில்தான் செங்கல்பட்டுக்கு வர வேண்டும். பிசிஜி தடுப்பூசி 1921இல் முதன்முதலாகப் பிரான்ஸில் ஒரு குழந்தைக்குத் தரப்பட்டது. கால்மெட்டும் கெரானும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் மறுபடி மறுபடி வளர்த்து வலுவிழக்கச் செய்து உருவாக்கியது அது. பிரிட்டனில் 1950இல் தொடங்கிய சோதனையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஏறத்தாழ எண்பது சதவீதப் பாதுகாப்பு தந்தது. இந்தியாவில் அதன் பலனை ஐயத்துக்கிடமின்றி அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 3,60,000 மக்களைக் கொண்ட பகுதியைத் தேர்ந்தெடுத்தது. இரு வகைப் பிசிஜி, இரு அளவுகள், ஒப்பீட்டுக்கு மருந்தில்லாத ஊசி. உலகின் மிகப் பெரிய பிசிஜி சோதனை அதுதான். 1979இல் முதல் முடிவு வந்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை. பதினைந்தாண்டுக் கணக்கு 1999இல் வெளிவந்தபோதும் அதே முடிவு.

சோதனை சரியாக நடக்கவில்லை என்று வெளிநாட்டில் சிலர் முணுமுணுத்தார்கள். உண்மையில் அதைப்போலக் கவனமாக நடந்த சோதனைகள் குறைவு. தடுப்பூசி பெற்றவர்களுக்கு முதல் மாதங்களில் மான்டூ தடிப்பு நன்றாகவே வந்தது; உடல் அடையாளம் கண்டது; பாதுகாப்பு வரவில்லை. வெப்ப மண்டலத்தின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவினங்கள் ஏராளம். அவற்றுக்கு ஏற்கெனவே பழகிய உடலுக்குப் பிசிஜி புதிதாக எதையும் கற்றுத்தருவதில்லை என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பச்சிளங் குழந்தைகளை மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காப்பதால்தான் பிறந்ததும் போடுவது இன்றும் தொடர்கிறது.

அடையாளம் காணும் டி செல்களைக் கூட்டினால் போதும் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகும் சாகவில்லை. தென்னாப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளிடம் சோதித்த எம்விஏ85ஏ என்ற தடுப்பூசி, டி செல்களைத் தூண்டியது, நோயைத் தடுக்கவில்லை. 2013இல் அந்த முடிவு வந்தபோது துறையே சோர்ந்துபோனது. மாறாக, 2020இல் வெளியான குரங்கு ஆய்வு ஒன்று கண்ணைத் திறந்தது. அதே பழைய பிசிஜியைத் தோலில் போடாமல் ரத்த நாளத்தில் ஏற்றினார்கள். பத்துக் குரங்குகளில் ஒன்பது நன்கு காக்கப்பட்டன. ஆறில் தொற்றின் தடயமே இல்லை. தடுப்பூசி மாறவில்லை, அடையாளம் மாறவில்லை. டி செல்கள் கிருமிக்கு முன்பே நுரையீரலில் போய் உட்கார்ந்திருந்தன. தாமதமாக வந்து திசுவைக் கரைப்பதற்கும், முன்கூட்டியே காத்திருந்து விழுங்கு செல்லை உசுப்புவதற்கும் உள்ள வேறுபாடு அது. மனிதருக்கு உயிருள்ள கிருமியை ரத்தத்தில் ஏற்றுவது ஆபத்து என்பதால் அந்த வழியை அப்படியே பின்பற்ற முடியாது.

இப்போது நம்பிக்கை தருவது எம்72 என்ற தடுப்பூசி. ஏற்கெனவே கிருமி தொற்றிய பெரியவர்களிடம் கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா ஆகிய நாடுகளில் சோதித்தபோது, மூன்றாண்டில் நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஜேன்வே ஊகித்த பழைய ஏற்பிகளில் ஒன்றைத் தூண்டும் பொருள் அதன் துணைமருந்தில் இருக்கிறது. மூன்றாம் கட்டச் சோதனை 2024இல் தொடங்கியது. முடிவுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

அதுவரை கையிலுள்ளது நூறு வயது தாண்டிய பிசிஜியும் மாத்திரைகளும்தான். 2023இல் மட்டும் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் நால்வருக்கு ஒருவர் இந்தியர். தோளில் பிசிஜி தழும்பு இருப்பதோ, சத்தாகச் சாப்பிட்டு உடல் திடமாக இருப்பதோ இந்தக் கிருமிக்கு எதிராக முழு உத்தரவாதம் ஆகாது. மான்டூ தடிப்பு, கிருமியையோ தடுப்பூசியையோ உடல் முன்பே சந்தித்ததைச் சொல்லுமே தவிர, நோய் இருக்கிறதா என்று சொல்லாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டால் குணமாகும்.